கண்டியிலிருந்து விமான நிலையம் எத்தனை மணி தூரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கிடையேயுள்ள தூரம் என்ன என்று கேட்டால் விடை கூறுவது எளிது. தேசப்படத்தின்மீது அளவுகோலை வைத்தாற் போதும். பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சுமார் 185 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து அதே திருச்சிராப்பள்ளிக்குச் சுமார் 420 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னைக்குச் சுமார் 355 கிலோமீற்றர். இவற்றுள் எந்த வழியிற் பறந்தாலும் விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் ஒன்றரை மணிக்கு மேற்படாது. ஆனால், கண்டியிலோ பேராதனையிலோ கம்பளையிலோ வாழும் தமிழ் வைத்தியர் ஒருவரை, ஆசிரியர் ஒருவரை, மலைச்சரிவிலே மரக்கறி பயிரிடும் கமக்காரர் ஒருவரை அணுகி, "திருச்சிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் விமானத்தைப் பற்றிப் பேசமாட்டார். கடுகண்ணாவை மலையிறக்கத்தைப் பற்றியும், மாவனல்லைக் கடைவீதியைப் பற்றியும், கேகாலை நெரிசலைப் பற்றியுமே பேசுவார்.

கணக்கை வெளிப்படையாகவே போட்டுப் பார்ப்போம். கண்டி நகரிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டில் அளந்தாற் சுமார் 85 கிலோமீற்றர். வீதி வழியாக 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பழைய கணக்கில் ஏறக்குறைய 65 மைல். பிற்பகல் இரண்டு மணிக்கு விமானம் என்றால், முற்பகல் பதினொரு மணிக்கே நிலையத்தில் நிற்கவேண்டும். வீதி வெறுமையாக இருந்தால் மூன்று மணி நேரத்திற் சென்றுவிடலாம். வீதி வெறுமையாக இருக்கும் என்று எவர் உறுதி கூறவல்லார்? மலையிறக்கத்தில் ஒரு லொறி பழுதாகிக் குறுக்கே நின்றாற் போதும். பாடசாலை கூடும் நேரத்திலே ஒரு நகருக்குள் அகப்பட்டுக்கொண்டாற் போதும். மழை சற்றுப் பலத்தாற் போதும். ஆகவே விவேகமுள்ளவர் காலை ஆறரை மணிக்கே புறப்பட்டுவிடுகிறார். நிலத்திற் செல்ல நாலரை மணி, நிலையத்திற் காத்திருக்க மூன்று மணி, ஆகாயத்திற் பறக்க ஒரு மணி. எட்டரை மணி நேரப் பிரயாணத்தில் ஏழரை மணி நேரம் மண்ணிலேயே கழிந்துவிடுகின்றது. நுவரெலியாவிலிருந்தோ அட்டனிலிருந்தோ வருபவருக்கு இதனினும் கூடுதலான நேரம் செல்லும். அவருள் பலர் முதல்நாள் மாலையே புறப்பட்டு, கொழும்பிலோ நீர்கொழும்பிலோ உறவினர் வீட்டுத் திண்ணையில் இரவைக் கழிக்கின்றனர்.

யாழ்ப்பாண நகரத்தவருக்குப் பலாலி அரை மணித் தூரந்தான். அது கண்டு நாம் பொறாமை கொள்ளவில்லை. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். தொற்றுநோய்க் காலத்தில் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோதும், பின்னர் 2025 மார்ச்சு இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கு நேரடிச் சேவை ஆரம்பமானபோதும் மகிழ்ந்தோம். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதலாவது விமானத்தை இரத்மலானையிலிருந்து சென்னைக்கு அனுப்பியபோது, அது காங்கேசன்துறையில் இறங்கியே சென்றது என்பதை நம்முள் முதியோர் அறிவர். வடக்குக்கு அன்று இருந்த ஒன்று நெடுங்காலத்தின் பின் திரும்பக் கிடைத்திருக்கின்றது. அவ்வளவே. நாம் கேட்பது மலைநாட்டைப் பற்றி. விமானத்தாலே சுருங்கிய தூரம் மலைநாட்டு மக்களுக்கு ஏன் சுருங்கவில்லை?

விமானப் பயணம் செல்வந்தரின் உல்லாசம் என்று எண்ணுவோர் இன்னும் உளர். மலைநாட்டின் கதையை அறிந்தவர் அவ்வாறு சொல்லார்.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1820களிலே தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் கொழும்பு–கண்டி வீதியை வெட்டுவித்தார். அதனை வெட்டுவித்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் தூபி ஒன்று நிற்கின்றது. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. படை நடத்துவதற்கு வீதி, கோப்பி ஏற்றுவதற்குப் புகையிரதம் என்பதே அன்றைய கணக்கு. ஆயின், அந்தக் கோப்பியை நட்டுப் பறித்த தமிழர் எவ்வழியாக வந்தனர்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே வந்தனர். வழியிலே நீரின்றியும் கொள்ளை நோய் கண்டும் மாண்டவர் பல்லாயிரவர். அவர்களுக்குத் தூபி இல்லை. மூட்டைக்கு இருப்புப் பாதையும் மனிதனுக்கு ஒற்றையடிப் பாதையும் என்று பிரித்துக் கொடுத்த அந்த நீதியை, கண்டியின் போக்குவரத்தைப் பற்றிப் பேசும் எவரும் மறத்தலாகாது.

1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, தனுஷ்கோடியிலிருந்து மீண்டும் புகையிரதம். கண்டியில் ஏறிய ஒருவர் பொல்காவலையில் மாறி, தலைமன்னாரிற் கப்பலேறி, தமது ஊரைச் சென்றடையலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்டோபரிற்றான் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களை இரு நாடுகள் எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டுக் கொண்டன. அந்தப் பங்கீட்டின்படி மலைநாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் தலைமன்னார் வழியாகவே இராமேஸ்வரத்துக்கு அனுப்பப்பட்டனர். அண்ணன் கூடலூரிலும் தம்பி கம்பளையிலும், தாய் கோத்தகிரியிலும் மகள் புசல்லாவையிலும் என்று குடும்பங்கள் இரண்டாயின. 1980களிற் போர் மூண்டபோது அந்தக் கப்பலும் நின்றது. அதன்பின் மலைநாட்டுத் தமிழருக்குத் தம் உறவினரைக் காண எஞ்சிய வழி ஆகாய வழி ஒன்றே. அதன் வாசல் கட்டுநாயக்கா ஒன்றே. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே 2023இல் தொடங்கி, நின்று, மீண்டும் தொடங்கிய கப்பற் சேவையும் கண்டியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பாலேயே உள்ளது.

நீலகிரியில் ஒருவர் இறந்தால் அச்செய்தி கைத்தொலைபேசியில் அந்தக் கணமே கண்டிக்கு வந்துவிடுகின்றது. செய்தி கேட்டவர் வந்து சேரும்வரை சவம் காத்திராது. எட்டரை மணியில் நாலு மணியைக் குறைப்பது என்பது இக்குடும்பங்களுக்கு வெறும் சௌகரியமா? உறவினர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண்பதற்கும் காணாமற் போவதற்குமுள்ள இடைவெளி அந்த நாலு மணியிலே அடங்கியிருக்கின்றது. சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிகளையும், திருச்சியிலும் சென்னையிலும் கல்வி பயிலும் பிள்ளைகளையும் இத்துடன் சேர்த்து எண்ணவேண்டும்.

இனி, இதற்குப் பரிகாரம் என்ன?

கண்டிக்கென்று தனியாக ஒரு விமான நிலையம் அமைக்கவேண்டும் என்ற பேச்சு இடையிடையே எழுந்து அடங்குவதை யாவரும் அறிவர். குண்டசாலை, திகனை என்ற பெயர்கள் பலமுறை அடிபட்டுள்ளன. தேர்தல் நெருங்கும்போது இப்பேச்சுக்குச் சிறகு முளைப்பது வழக்கம். நாம் இதனை ஆதரிக்கவில்லை. ஆதரிக்காமைக்குக் காரணம் கண்டி மீதுள்ள அசட்டை அன்று.

கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகளாற் சூழப்பட்ட கிண்ணம் போன்ற இடத்திலே கிடக்கின்றது. அங்கே நீண்ட ஓடுபாதை அமைப்பதற்குச் சமநிலம் அரிது. கிடைக்கின்ற சமநிலமோ கமத்துக்கும் குடியிருப்புக்கும் உரியது. சிறியதோர் ஓடுபாதையில் இறங்கத்தக்க விமானம் ஐம்பது, அறுபது பேரையே சுமக்கும். அவ்விமானமும் அவர்களைக் கட்டுநாயக்காவுக்கோ இரத்மலானைக்கோ கொண்டுபோய் விடுமேயன்றித் திருச்சிக்குக் கொண்டுபோகாது. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் மிதவை விமானங்கள் இறங்கியதுண்டு. உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அரை மணியளவில் கண்டியை அடைந்தன. அந்த விமானத்திலே எமது தோட்டத் தொழிலாளி எவரேனும் ஏறினார் என்று நாம் கேள்விப்பட்டதில்லை.

வெறும் விமான நிலையத்தைக் கட்டுவதால் விமானம் வந்துவிடாது என்பதற்கு நம் கண்முன்னே மத்தளை நிற்கின்றது. 2013 மார்ச்சிலே, இருபது கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில், 3,500 மீற்றர் ஓடுபாதையுடன் அது திறக்கப்பட்டது. உலகத்திலேயே வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதி நகைத்தன. மட்டக்களப்பு 2018இற் சர்வதேச விமான நிலையம் என்று பிரகடனம் செய்யப்பட்டது. பெயர் முன்னே சென்றது, விமானம் பின்னே வரவில்லை. மட்டக்களப்பு மக்களுக்கு அந்நிலையம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்கிறோம். வர்த்தமானியில் அச்சிடப்பட்ட பெயரை வைத்துக்கொண்டு எவரும் பிரயாணம் செய்ய முடியாது என்பதே நாம் காட்ட விரும்புவது.

காணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பலாலி விமானத்தளம் இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைந்தது. பிற்காலப் போரிலே அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கின் செம்மண் கமக்காணிகள் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. மக்கள் தத்தம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் திரும்பப் பல பத்தாண்டுகள் காத்திருந்தனர். காணிகள் முழுவதும் உரியவர் கைக்கு வந்துவிடவில்லை. விமானத்தளத்தின் வேலி ஒருமுறை நகர்ந்தால் அது பின்னோக்கி நகர்வது எத்தனை அரிது என்பதை வடக்கின் கமக்காரரிடம் கேட்டறியலாம். குண்டசாலை, திகனைப் பகுதியிலோ விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பொருட்டு 1980களில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஏற்கெனவே குடியமர்த்தப்பட்டுள்ளன. பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் மறைந்தது. நீருக்காக ஒருமுறை எழுப்பப்பட்டவர்களை விமானத்துக்காக இன்னொருமுறை எழுப்புவதா? அவர்களுட் பெரும்பாலோர் சிங்கள மக்கள். கமக்காரனின் காணிக்கு மொழி இல்லை என்பதால் அவர்கள் பொருட்டும் நாம் பேசுகிறோம்.

ஆகவே புதிய விமான நிலையம் வேண்டாம். இருக்கின்ற விமான நிலையத்துக்குப் போகும் வழியைச் சுருக்குங்கள் என்கிறோம்.

அதற்கென்றே மத்திய அதிவேக வீதி திட்டமிடப்பட்டது. கடவத்தையில் தொடங்கி மீரிகம, குருநாகல் வழியாகத் தம்புள்ளைக்கும், பொத்துஹெரவிற் பிரிந்து கலகெதரை வழியாகக் கண்டிப் பக்கத்துக்கும் அது செல்லவேண்டும். 2022 ஜனவரியிலே மீரிகமவிலிருந்து குருநாகல் வரையுள்ள சுமார் 41 கிலோமீற்றர் திறக்கப்பட்டது. தலையுமின்றிக் காலுமின்றி நடுவுடல் மாத்திரம் திறக்கப்பட்ட விசித்திரம் அது. அதே ஆண்டில் நாடு கடன் செலுத்த இயலாத நிலையை அடைந்தது. கடவத்தை–மீரிகம வேலை நின்றது. 2025இலேதான் மீண்டும் தொடங்கியது. கண்டிக்குச் செல்லும் கிளையோ எல்லாவற்றுக்கும் பிற்பட்டே நிற்கின்றது. பணமில்லாத நாடு எல்லாவற்றையும் ஒரே நாளிற் செய்ய முடியாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால், பணம் வரும்போது முதலில் எங்கே செல்கின்றது என்பதில் மலைநாட்டுக்கு ஒரு கேள்வி உண்டு. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த தேயிலை எந்த மலையிலிருந்து இறங்கியது?

வீதி முடியும்வரை சும்மா இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. பெருஞ்செலவின்றி இப்போதே செய்யத்தக்க ஒரு காரியம் உண்டு; அதனைப் பற்றி எவரும் பேசாதது எமக்கு வியப்பாக இருக்கின்றது. புத்தளம் புகையிரதப் பாதை கட்டுநாயக்காவைத் தொட்டுக்கொண்டே செல்கின்றது. அப்பாதை ராகமையிலே பிரதான பாதையுடன் சேர்கின்றது. பிரதான பாதையோ ராகமையிலிருந்து பொல்காவலை, ரம்புக்கனை, கடுகண்ணாவை, பேராதனை வழியாகக் கண்டிக்கு வருகின்றது. அதாவது கட்டுநாயக்காவுக்கும் கண்டிக்குமிடையே இரும்புப் பாதை ஏற்கெனவே முழுமையாகக் கிடக்கின்றது. சுமார் 120 கிலோமீற்றர். ராகமையில் வண்டியைத் திசை மாற்றிவிட்டால் ஒரே வண்டியிற் கண்டியை அடையலாம். இன்று கண்டியில் ஏறியவர் பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ராகமையில் இறங்கி மாறவேண்டியிருக்கின்றது. அதனாலேயே எவரும் அவ்வழியை நினைப்பதில்லை.

காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி என நாளுக்கு இரண்டு வண்டிகள் நேராக விடப்பட்டால் என்ன குறைந்துவிடும்? புகையிரதமும் மூன்று மணி நேரம் எடுக்கின்றதே என்று சிலர் கேட்கலாம். எடுக்கட்டும். நாம் கேட்பது வேகத்தைக் காட்டிலும் நிச்சயத்தை. மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரமே என்ற உறுதி இருந்தால், பிரயாணி நாலரை மணி முன்னதாகப் புறப்பட வேண்டியதில்லை. வாடகைக் காருக்குப் பெருந்தொகை கொடுக்கவேண்டியதுமில்லை. நிலையத்திலிருந்து விமான நிலைய வாசலுக்கு ஒரு சிறு பஸ் வண்டியும், பெட்டி வைக்க ஓர் இடமும் வேண்டும். அறிவிப்புப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் தமிழும் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லித்தான் தீரவேண்டுமா? 1987இல் அரசியலமைப்பு தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. இதற்குப் பின்னும் ஒவ்வொரு புதிய பலகைக்கும் தனித்தனி மனுக் கொடுக்கவேண்டியிருப்பது வெட்கக்கேடு.

கமக்காரருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்போருக்கும் விடை உண்டு. நுவரெலியாவிலும் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மாத்தளையிலும் விளைகின்ற கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி இரவிலே சாக்கில் அடைக்கப்பட்டு லொறியேறித் தம்புள்ளைச் சந்தைக்கோ பேலியகொடைக்கோ இறங்குகின்றன. நாட்டில் விளையும் மரக்கறியிலும் பழத்திலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அறுவடைக்குப் பின் வீணாகின்றது என்று கமத்தொழில் அறிஞர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். நசுங்கியும் வெந்தும் வாடியும் போகும் அந்தப் பங்கிலே பெரும்பகுதி வீதியிற் கழியும் மணித்தியாலங்களாற் போவது. மாலைதீவுக்கும் அரபு நாடுகளுக்கும் இங்கிருந்து மரக்கறியும் வெற்றிலையும் பழமும் விமானத்திற் செல்கின்றன. அந்த வியாபாரத்தில் மலைநாட்டுச் சிறு கமக்காரன் நேரடியாகப் பங்குபற்ற முடியாமைக்குத் தூரம் ஒரு முக்கிய காரணம். பறித்த போஞ்சி எத்தனை மணி நேரத்தில் விமானத்தின் வயிற்றுக்குள் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவனிடம் எந்த வியாபாரி ஒப்பந்தம் செய்வான்? ஆகவே அவன் தரகருக்கு விற்கிறான். தரகர் சொன்னதே விலையாகின்றது. பேராதனையிலே கமத்தொழில் திணைக்களம் இருக்கின்றது, பல்கலைக்கழகம் இருக்கின்றது, அறிவுக்குக் குறைவில்லை. அவற்றின் வாசலிலேயே ஒரு குளிர்சாதனக் களஞ்சியமும், அங்கிருந்து இரவு வண்டியிற் சேர்க்க இரண்டு குளிர்ப் பெட்டிகளும் இருந்தால், பண்டம் வாடாமல் கட்டுநாயக்காவை அடையும். கிராம்பும் மிளகும் காத்திருக்கும், கீரை காத்திராது.

இனி வடக்கு நோக்கிய வழி. ஏ-9 எனப்படும் பெருவீதி எங்கே தொடங்குகின்றது? கண்டியிலே. 321 கிலோமீற்றர் சென்று யாழ்ப்பாணத்தில் முடிகின்றது. யாழ்ப்பாணத்தவர் இன்றும் அதனைக் கண்டி வீதி என்றே அழைக்கின்றனர். போர்க்காலத்திலே இந்த வீதியின் நீளம் கிலோமீற்றரில் அளக்கப்படவில்லை. அது மூடப்பட்ட ஆண்டுகளில் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே தூரமே இல்லாமற்போயிற்று. வழியே இல்லாதபோது தூரம் ஏது? 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது, 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. ஓமந்தையில் மூட்டைகளை இறக்கி ஏற்றிய காலத்தை வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். இருபுறத்துத் தமிழரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது அந்தக் காலத்திலேதான். அந்த அறியாமையினால் விளைந்த அரசியல் நட்டம் இன்னும் தீரவில்லை.

இப்போது வீதி திறந்திருக்கின்றது. கண்டியிலிருந்து பலாலிக்கு ஏழு, எட்டு மணி நேரத்திற் போகலாம். திருச்சி செல்லும் மலைநாட்டவருக்குப் பலாலி வழி இலாபமா என்று கேட்டால், கண்டி நகரத்தவருக்கு இலாபமில்லை என்றே உண்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் மாத்தளைக்கு வடக்கே, தம்புள்ளை, வவுனியாப் பக்கங்களிலே வாழ்வோருக்கு அது வேறு கணக்கு. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலைநாட்டிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. அவர்களின் உறவினர் பாதிப்பேர் கண்டியில், பாதிப்பேர் தமிழகத்தில். அவர்களுக்குப் பலாலியே வாசல். கண்டியிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதப் பிரயாணி பொல்காவலைக்கு இறங்கி, அங்கே மாறி, குருநாகல், மாகோ, அநுராதபுரம் என்று செல்லவேண்டியிருக்கின்றது. பொல்காவலையில் நெடுநேரம் காத்திருக்காத வகையில் இரண்டு வண்டிகளின் நேரத்தையும் பொருத்தி வைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. கால அட்டவணை எழுதும் கந்தோரில் ஓர் உத்தியோகத்தர் பென்சிலை எடுத்தாற் போதும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாட்டைத் தாக்கியது. அறுநூறு பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் கண்டியிலேதான் உயிரிழப்பு மிகுதி. புயலுக்குச் சில நாள்களுக்கு முன்னரே பகல கடுகண்ணாவையிற் கொழும்பு வீதியோரம் மண்மேடு சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. பின்னர் வீதிகள் துண்டிக்கப்பட்டன. இருப்புப் பாதை பல இடங்களிற் பெயர்ந்தது. லயன் அறைகள் மண்ணுள் புதைந்தன. அந்த நாள்களில் கண்டியிலிருந்து கட்டுநாயக்கா எத்தனை மணி தூரம் என்று கேட்டிருந்தால் எவரிடமும் விடை இருந்திராது. கண்டிக்கு விமான நிலையம் இருந்திருந்தால் உதவி வந்திருக்குமே என்று சிலர் வாதிக்கின்றனர். உதவி வந்தது, உலங்கு வானூர்தியில் வந்தது. அதற்கு விளையாட்டு மைதானமே போதுமாயிருந்தது. வராதது வீதி. மலையை நேராக வெட்டிவிட்டு, அதன் வெட்டுமுகத்தை நீர் வடிய வழியின்றி விட்டுவிட்ட வீதிகள் சரிந்தன. அந்த வெட்டுமுகங்களுக்கு அணைசுவர் கட்டுவதும் வடிகால் வைப்பதும் எந்த அமைச்சரும் நாடா வெட்டித் திறந்து வைக்கத்தக்க வேலைகள் அல்ல. அதனாலேயே அவை எப்போதும் பின்தள்ளப்படுகின்றன.

சிதைந்த பாதையைச் செப்பனிட அரசாங்கமும் வெளிநாட்டவரும் பெரும்பணம் ஒதுக்க நேர்ந்தது. பழைய பாதையையும் பழைய அட்டவணையையும் அப்படியே திருப்பி வைப்பதோடு அந்தப் பணம் தீர்ந்துவிடுமாயின், கிடைத்த தருணத்தை நாம் வீணாக்கினவர்களாவோம். கண்டி, நுவரெலியா, மாத்தளை, பதுளை மாவட்டங்களிலே தமிழ் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றவர்கள் எந்தக் கட்சியினராயினும் ஆகுக. போக்குவரத்து அமைச்சின் செலவு மதிப்பீடு விவாதத்துக்கு வரும் நாளில் அவர்கள் எழுந்து மூன்று கேள்விகள் கேட்கட்டும். கட்டுநாயக்கா–கண்டி நேரடிப் புகையிரதத்தை எந்த மாதத்தில் ஓடவிடுவீர்கள்? பொத்துஹெர–கலகெதரை வீதியிலே அடுத்த ஆண்டுக்கு எத்தனை கிலோமீற்றருக்குப் பணம் வைத்திருக்கிறீர்கள்? கடுகண்ணாவை வெட்டுமுகத்துக்கு எத்தனை ரூபா? விடையை இப்பத்திரிகை எண்களோடு வெளியிடும். விடை சொல்லாதவர்களின் பெயர்களையும் வெளியிடும்.